பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்

அன்பு மகளுக்கு,

உவமை, உருவகம் மாதிரி செய்யுள் அணிகளுக்கு விளக்கம் கேட்டால் பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள், சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் "முகம் நிலவு போல இருந்தது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்று நேற்று போனில் வருத்தப்பட்டாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் விளக்கத்தை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவள்தான். மதிப்பெண் வந்தது, எழுத்து வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

நாளைக்கு அணியின் பெயரையே சொல்லாமல் தொடங்கு. வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழியில் உவமை பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். செயல், பலன், வடிவம், நிறம். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, பென்சில் மாதிரி கைக்குப் பழகிய பொருள் ஒன்றைக் கொடு. வடிவமும் நிறமும் நொடியில் நிரம்பிவிடும். மற்ற இரண்டுக்கும் யோசிப்பார்கள். அவசரப்படுத்தாதே. என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், வினைக் கட்டத்தில் "எங்கள் பாட்டியும் பென்சில் மாதிரி, எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோனார்" என்று எழுதினாள். அன்று அந்தக் கட்டத்தை நான் அழிக்கவில்லை.

உருவகத்துக்கு இரண்டு அட்டை போதும். 'மலர்', 'முகம்' என்று எழுதி இருவர் கையில் கொடுத்து நிற்க வை. மலர்முகம், உவமை. இடம் மாறி நிற்கச் சொல். முகமலர், உருவகம். மலர் போன்ற முகம் போய், முகமே மலராகிவிட்டது. பிறகு அவரவர் சொற்களை மாற்றிப் பார்க்கட்டும். சில சோடிகள் மாறி நிற்க ஒப்பாது. ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும், நீ குறுக்கே போகாதே.

இயல்பாக நடப்பதன்மேல் நம் மனசிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வதுதான் தற்குறிப்பேற்றம். அதற்கு ஜன்னலுக்கு வெளியே அசையும் கிளை ஒன்று இருந்தால் சரி. காற்றில்தான் அசைகிறது. கிளைக்கென்று வேறு காரணம் இருந்தால் அது என்ன?

நோட்டுத் திருத்தும்போது பக்கம் முழுக்கச் சிவப்பு மை வேண்டாம் அம்மா. ஒரே ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு, "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேள். அந்த வரியை மட்டும் திருப்பி எழுதி வரட்டும். எழுதியதைப் பக்கத்திலிருப்பவர் வாய்விட்டுப் படிக்க, எழுதியவர் கேட்கட்டும். இடறும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும். எழுத்துப் பிழைகளை அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

பென்சிலுக்குப் பதில் வேறு பொருளை நீயே தேர்ந்தெடு. நான்கு கட்டத்தையும் முதலில் நீ நிரப்பிப் பார்த்து எனக்கும் அனுப்பு. காத்திருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா