கறுப்பு வயரைத் தொடலாமா?

ஆசிரியருக்கு,

வீட்டு வயரிங் பற்றி நீங்கள் போட்டிருந்த குறிப்பில், சிவப்பு வயரில்தான் கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி யாராவது கை வைத்துவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன்.

பல்பு எரியும்போது, கரண்டைக் கொண்டு வரும் ஃபேஸ் வயரில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்புகிறது. அந்த நியூட்ரல் நடுவில் எங்காவது அறுந்தால் பல்பு அணைந்துவிடும், ஆனால் பல்பு வழியாகவே ஃபேஸ் இறங்கி வந்து அறுந்த முனையில் நிற்கும். எரியவில்லையே, கரண்ட் இல்லை போல என்று தொட்டால் ஷாக்தான்.

எங்கள் வீட்டில் ஒரு எல்இடி பல்பு, அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருந்தது. பல்பை மாற்றியும் சரியாகவில்லை. ஹோல்டர்தான் கோளாறு என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு அதைக் கழற்றினேன். ஏதோ தோன்றி, கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை வைத்தால், அதற்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு சிவப்பாக எரிகிறது! யாரோ ஸ்விட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். அதனால் ஸ்விட்சை அணைத்தாலும் ஃபேஸ் ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கிறது.

நிறத்தையும் முழுசாக நம்ப முடியாது. பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கடத்தும் பாதுகாப்பு வயர். ஐரோப்பிய முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். அமெரிக்காவிலோ கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பிரிட்டனில் 2004-இல் நிறத்தை மாற்றத் தொடங்கும் வரை மூன்று ஃபேஸ் இணைப்பில் நீலம் ஒரு ஃபேஸ், இப்போது அதுவே நியூட்ரல். இது போதாதென்று, கையில் கிடைத்த கறுப்புத் துண்டை ஸ்விட்சிலிருந்து பல்புக்கு இழுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஸ்விட்சைப் போட்டால் அந்தக் கறுப்பும் ஃபேஸ்தான்.

எர்த் விஷயத்தில் இன்னும் மோசமான ஒரு குறுக்குவழி இருக்கிறது. எர்த் இல்லாத சாக்கெட்டில், நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குக் கொடுத்துவிடுவது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. நியூட்ரல் அறுந்த அன்று, அந்த எர்த் பின் வழியாகவே ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்க ஃபேஸ் ஏறிவிடும்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். எந்த நிறமானாலும் முதலில் மெயினை அணைக்கவும், அப்புறம் டெஸ்டரால் பார்க்கவும் என்று இருக்கட்டும். அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருக்கிற ஒரு சாக்கெட்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். என்னிடம் இருந்த பழைய டெஸ்டர் எதில் வைத்தாலும் எரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்