பாடகர் குழுவுக்குக் கேட்கட்டும், பீடத்தை மறைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவிழாவோ கிறிஸ்துமஸோ நெருங்கினால் நம் தோட்டப் பட்டணங்களில் இருக்கும் பழைய மாதா கோவில்களில் சாயம் பூசுவார்கள், மின்விசிறி மாற்றுவார்கள், அப்புறம் ஒலிபெருக்கியில் கை வைப்பார்கள். எல்லாம் பங்கு மக்கள் அஞ்சும் பத்துமாகச் சேர்த்துக் கொடுத்த பணம். அந்தப் பணத்தில் பாடகர் குழுவுக்கென்று வாங்கும் மானிட்டர் ஸ்பீக்கரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாடுகிறவர்களுக்கு இசையும் தங்கள் குரலும் கேட்க வேண்டும் என்று அவர்களைப் பார்த்துத் திருப்பி வைக்கிற பெட்டி அது. மானிட்டர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, நானே கோவிலில் கீபோர்டு வாசிக்கிறவன். ஆனால் கச்சேரி மேடைக்கென்று செய்த பெரிய கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்து பீடத்துப் படியில் வைக்கிறார்களே, அது தேவையில்லாத வேலை, பார்க்கவும் நன்றாக இல்லை, கேட்கவும் நன்றாக இல்லை.

எங்கள் கோவில் சின்னது. சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, தகரக் கூரை, இரண்டு பக்கமும் கண்ணாடி லூவர் ஜன்னல். சத்தத்தை வாங்கி அடக்கிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. பாடகர் குழு பீடத்துக்கு இடப்பக்கம், சூசையப்பர் சுரூபத்துக்குக் கீழே நிற்கும். நகரத்துக் கடை ஒன்றிலிருந்து வந்தவர்கள் ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள சாய்வுப் பெட்டி இரண்டை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காணிக்கை கொண்டுபோகிற பாட்டிமார் அதைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பார்வைக்கு நன்றாக இல்லை என்று பீடம் அலங்கரிக்கும் அக்காமார் வெள்ளை சாட்டின் துணியைப் போர்த்தி, முன்னால் ஒரு பூச்சாடியும் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பீடத்துக்கு முன் அப்படி ஒன்று கிடந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் பாட்டின் சொல் தெளிவாக வருவது அந்தப் பெட்டியில் இருக்கும் ஹார்னிலிருந்து, துணியும் பூச்சாடியும் மறைத்தது அதைத்தான். சொல் போய், கும்கும் என்ற அடிச்சத்தம் மட்டும் மிஞ்சியது. பாடுகிறவர்கள் கேட்கவில்லை, கூட்டுங்கள் என்றார்கள். கூட்டினால் பெட்டியின் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய், கூய் என்று ஊளையிட்டது. ஒரு ஞாயிறு, குரு நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதே ஊளையிட்டது, எல்லோரும் தலைகுனிந்து முழந்தாளிட்டிருக்கும் நேரத்தில்.

இந்த மானிட்டர் உண்மையில் எதற்கு? மெயின் ஸ்பீக்கர்கள் பாடகர்களுக்கு முன்னால், மக்களைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். பாடகர்கள் பக்கம் நேராக வந்து சேர்வது அதன் மங்கலான அடிச்சத்தம்தான், மற்றதெல்லாம் பின்சுவரில் மோதித் திரும்பி வருவது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். கோவில் 25 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் போய்த் திரும்ப 50 மீட்டர், அதாவது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதம். கேட்பதற்குச் சின்னத் தாமதம் மாதிரி இருக்கும், ஆனால் தபேலாக்காரர் அந்தத் திரும்பி வரும் சத்தத்தை நம்பிக் கை வைத்தால் தாளம் ஒவ்வொரு அடியிலும் பின்னுக்குப் போகும், பாடகர்கள் அவரோடு போவார்கள், மக்கள் பாடகர்களோடு போவார்கள், வருகைப் பாடல் தொடங்கிய வேகம் ஒன்றும் கடைசிச் சரணத்தின் வேகம் வேறொன்றுமாக ஆகிவிடும். பாடகர் குழு இழுத்து இழுத்துப் பாடுகிறது என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்களே, பல கோவில்களில் அதற்கு ஒரு காரணம் இது. பிள்ளைகளுக்குத் தாளம் தெரியாமல் இல்லை.

ஆக, மானிட்டரிடம் நாம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். சுருதிக்கு கீபோர்டு, கூடவே முதல் குரல், தேவைப்பட்டால் தாளம். அதுவும் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிற இடத்துக்கு மட்டும். இதற்கு 15 அங்குலமும் ஆயிரம் வாட்ஸும் எதற்கு?

பெட்டி பெரிதாக இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பது முக்கியம். தூரம் பாதியானால் காதுக்கு வரும் நேர் ஒலி 6 டெசிபல் கூடும். அதே 6 டெசிபலை ஆம்ப்ளிஃபையரில் எடுக்கப் பார்த்தால் நான்கு மடங்கு வாட்ஸ் வேண்டும். மூன்று மீட்டர் தள்ளித் தரையில் கிடக்கும் பெட்டிக்குப் பதிலாக முக்கால் மீட்டர் கிட்டத்தில் ஒன்றை வைத்தால் 12 டெசிபல் லாபம், பதினாறு மடங்கு வாட்ஸ் செய்கிற வேலையைத் தூரமே செய்துவிடும். அதனால்தான் ஐந்து அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்னப் பெட்டிகள் இதற்குப் போதும் என்கிறேன். மைக் ஸ்டாண்டிலேயே பூட்டிவிடும் வகை கிடைக்கிறது, கேலக்சி நிறுவனத்தின் ஹாட் ஸ்பாட் அந்த வகையில் பழைய பெயர், இப்போது வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. பாட்டுப் புத்தகம் வைக்கும் ஸ்டாண்டு உயரத்துக்கு மேல் போகாது, முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் உறுத்தாது. ஐந்தாறு பேருக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் ஒரு சாதாரணப் பாடகர் குழுவுக்குச் சரியாக இருக்கும். அடிச்சத்தம் அதில் வராது என்று கடைக்காரர் சொல்வார். வர வேண்டாம், அதைத்தான் விரும்புகிறோம்.

ஏன் என்றால் அடிச்சத்தம் பெட்டி பார்க்கிற திசையில் மட்டும் போகாது, எல்லாப் பக்கமும் பரவும். மானிட்டரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டாமல் விட்டால் அது முன்பெஞ்சுகளுக்குப் போய், மெயின் ஸ்பீக்கரில் வரும் சொற்களை மூடிவிடும். முன்பெஞ்சில் யார் உட்காருகிறார்கள்? காது மந்தமான நம் பெரியவர்கள்தான். பெட்டியைச் சுவர் ஓரத்திலோ மூலையிலோ ஒளித்து வைத்தால் இந்த அடிச்சத்தம் இன்னும் கூடும், ஆகவே அங்கே வைப்பதென்றால் கீழ்ச்சத்தத்தைக் கட்டாயம் வெட்ட வேண்டும்.

அடுத்தது மைக். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதி ஊளை இங்கேதான் பிறக்கிறது. நம் கோவில்களில் அதிகம் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 கார்டியாய்டு வகை, அது முதுகுப் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை மிகக் குறைவாக வாங்கும். அதற்கு மானிட்டர் மைக்கின் வால் பார்க்கிற இடத்தில், நேர் பின்னால் இருக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு மைக் என்றால் கதை வேறு, நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் கேட்கும், முன்பக்கத்திலிருந்து 120 பாகை சொச்சம் திரும்பிய இரண்டு ஓரங்களில்தான் செவிடு, பெட்டியை அந்த ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். எந்த மைக் என்று பார்க்காமல் பெட்டியை வைத்துவிட்டு ஈக்குவலைசரோடு மல்லுக்கட்டுவதில் பலன் இல்லை. இளைஞர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதையும் அன்பாகச் சொல்லி நிறுத்த வேண்டும், பொத்தினால் எந்த மைக்காக இருந்தாலும் இந்தத் திசைக் கணக்கு உடைந்துவிடும்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையும் ஒரு விஷயம். அது ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும், ஊளைக்கு முன்னால் நமக்கு இருக்கும் இடைவெளியில் 3 டெசிபல் கரைந்துவிடும். எட்டு மைக் திறந்து வைத்திருக்கிற குழு அதை இரண்டாக்கினால் 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும், செலவு ஒரு காசு இல்லை. மானிட்டருக்குள் எல்லாவற்றையும் போடவும் கூடாது. சாமியாரின் மைக்கும் வாசகம் வாசிக்கிறவரின் மைக்கும் அதற்குள் வரவே வேண்டாம். கூட்டமாகப் பாடுகிறவர்களுக்கு வைத்த மைக்கும் வேண்டாம், பக்கத்தில் நிற்கிறவர் குரல் அவர்களுக்கு நேராகவே கேட்கிறது. மிக்சரில் மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் குமிழை ப்ரீ நிலையில் வையுங்கள், அப்போதுதான் மெயினுக்காக அந்தந்த மைக்கின் ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) ஏற்றி இறக்கும்போது பாடகர்களுக்குக் கேட்பது கூடவும் குறையவும் செய்யாது.

கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: துணி போர்த்த வேண்டாம், இடத்தைத் தேடுங்கள். பாடகர் குழுவின் முன்பெஞ்சின் பின்புறம், புத்தகம் வைக்கும் பலகைக்குக் கீழே நல்ல இடம் இருக்கும், ஒலி தடையில்லாமல் முகத்தைப் பார்க்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள். வெள்ளைச் சுவர் உள்ள கோவிலுக்கு வெள்ளைப் பெட்டி கேட்டு வாங்குங்கள், பல மாடல்கள் இரண்டு நிறத்திலும் வருகின்றன. கறுப்புதான் கிடைத்தது என்றால் முன்பக்க இரும்பு வலையைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, ஸ்ப்ரே சாயத்தை மெல்லிசாக இரண்டு முறை அடித்துக் காயவைத்து மாட்டலாம், துளைகள் அடைபடக் கூடாது. தனி ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டியென்றால் முதுகுப் பக்கம் காற்று போக வேண்டும், நம் புழுக்கத்தில் அதை மூடி வைத்தால் சூடாகிக் கெட்டுப்போகும். ஒயர்களைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோங்கள், காணிக்கைப் பவனி போகிற பாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது.

காதுக்குள் மாட்டும் இயர்போன் நல்லதில்லையா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கீபோர்டுக்காரருக்கும் தபேலாக்காரருக்கும் நல்லதுதான், ஒயர் உள்ளதே போதும், ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஒரு பெட்டி மிச்சம். பாடுகிறவர்களுக்கு மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மக்கள் பாடுவது அவர்களுக்குக் கேட்க வேண்டும், மக்களை விட்டுவிட்டு ஓடிப்போய்விடக் கூடாது.

பெட்டிதானே, அதில் என்ன இருக்கிறது என்று பங்குப் பேரவையில் சிலர் சொல்வார்கள். உரோமைத் திருப்பலி நூலின் பொது வழிகாட்டியில் 306-ஆம் எண்ணைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீடத்தின் மேல் திருப்பலிக்குத் தேவையானது மட்டும் இருக்க வேண்டும், குருவின் குரலுக்கு வைக்கும் மைக்கூட உறுத்தாத முறையில் வைக்கப்பட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஒரு மைக்குக்கே இவ்வளவு கவனம் என்றால், பீடத்துப் படியில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டாமா? அதே நூலின் 312-ஆம் எண், பாடகர் குழு கூடியிருக்கும் மக்களின் ஒரு பகுதி என்பது தெரிகிற மாதிரி நிற்க வேண்டும் என்கிறது. முன்னால் பெட்டிகளை வரிசையாக வைத்தால் அந்த இடம் மேடையாகிவிடுகிறது, மக்கள் பாடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதை நான் எங்கள் கோவிலிலேயே பார்த்துவிட்டேன், பெட்டிகள் போன பிறகு பின்பெஞ்சுகளிலிருந்து மறுபடி குரல் வருகிறது.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கேளுங்கள். கொடுக்கிற கடையில் வாங்குங்கள். வெறும் கோவிலில், ராத்திரிப் பயிற்சியில் மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், ஞாயிறு திருப்பலிக்கு மக்கள் நிறைந்து, மின்விசிறிகள் எல்லாம் சுற்றும்போது கேளுங்கள், ஆள் நிறைந்தால் எதிரொலி குறைந்து கணக்கு மாறிவிடும். பயிற்சி நேரத்தில் மெயினை அணைத்துவிட்டு மானிட்டரை மட்டும் ஓடவிட்டு, ஒருவர் பின்வரிசையில் போய் உட்கார வேண்டும். அங்கே பாட்டு நன்றாகக் கேட்டால் மானிட்டர் அதிகம், இறக்க வேண்டும். தகரக் கூரையில் அடைமழை கொட்டும்போது கேட்கவில்லை என்று பெரிய பெட்டி வாங்காதீர்கள், அந்த இரைச்சலை எந்த மானிட்டரும் வெல்லாது, மழை விடும்வரை கீபோர்டு இல்லாமல் கைத்தாளத்தோடு பாடினால் போதும்.

கடைசியாக, மாலையில் இடி இறங்குகிற ஊர் நம்முடையது. பூசை முடிந்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அந்த வேலை யாருடையது என்று பெயர் குறித்து மிக்சர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
கோவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு வாசகர்,
ஹிலிர் பேராக்