கூகுளை எடுத்துவிட்டால் மட்டும் போன் பத்திரமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, உப்பிய பற்றரி, தண்ணீரில் விழுந்த செட் என்றுதான் ஆட்கள் வருவார்கள். இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்த பிறகு இன்னொரு தேவையோடும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். "அக்கா, இதில இருக்கிற கூகுளை முழுசா எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். அப்படி எடுப்பதென்றால் போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தையே மாற்றிப் போட வேண்டும். ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை. புதிதாகப் போடும் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை யார், எத்தனை வருடத்துக்கு அனுப்பப் போகிறார்கள்? அதைப் போட்ட பிறகு, வேறு யாரும் இயங்குதளத்தில் கை வைக்காதபடி போனை மறுபடி பூட்ட முடியுமா?

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வரும் இளம் சட்டத்தரணி ஒருவர் பழைய சாம்சங் ஒன்றைக் கொண்டுவந்து, அண்ட்ரொயிட்டை வைத்துச் செய்த லினியேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொன்னார். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. செட்டிங்ஸைத் திறந்து, கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த திகதியை முதலில் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி. அதற்குப் பிறகு வெளியே தெரியவந்த ஓட்டைகள் ஒன்றுகூட அந்த செட்டில் அடைபடவில்லை.

லினியேஜ் போட்டால் அண்ட்ரொயிட் பகுதிக்குத் திருத்தங்கள் வரும், உண்மைதான். ஆனால் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் மோடத்துக்கும் சிப்புக்கும் உள்ளே ஓடும் மென்பொருளை அதைச் செய்த நிறுவனமே கைவிட்ட பிறகு லினியேஜ்காரர்களால் என்ன செய்ய முடியும்? அதோடு, போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரைத் திறந்தால்தான் அதைப் போடலாம்; பெரும்பாலான செட்களில் போட்ட பிறகும் அது திறந்தபடியே கிடக்கும். பூட்டைக் கழற்றிய வாசல் மாதிரித்தான். செட் கையில் கிடைத்த ஒருவர் கேபிளை மாட்டி இயங்குதளத்திலேயே கை வைக்கலாம், போன் அதைக் கண்டுகொள்ளாது. சாம்சங்கில் இன்னும் ஒரு சிக்கல். வேறு இயங்குதளம் ஏற்றியதும் நொக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு அமைப்பில் ஒரு ஃபியூஸ் எரிந்துவிடும். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும், ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் சிக்யூர் ஃபோல்டர் பிறகு வேலை செய்யாது. அவர் தன் கட்சிக்காரர்களின் ஆவணங்களைப் போட்டு வைத்திருந்ததே அந்த ஃபோல்டரில்தான்.

லினியேஜை நான் குறை சொல்லவில்லை. ஒதுக்கிப் போட்ட செட்டுக்கு இன்னும் சில வருட ஆயுள் கொடுக்க அதைவிட நல்லது கிடைக்காது. ரகசியம் காக்க வேண்டியவருக்கு அது போதாது, அவ்வளவுதான். பிரான்சிலிருந்து வரும் ஈ ஓஎஸ் என்ற இன்னொரு இயங்குதளம் பழகச் சுலபம், பல செட்களிலும் ஓடும். ஆனால் திருத்தங்கள் பிந்தித்தான் வருகின்றன. பலரும் நம்பிப் போட்ட கலிக்ஸ் ஓஎஸ், 2025 ஓகஸ்டில் வெளியீடுகளை நிறுத்தி வைத்தது. யார் திருத்தம் அனுப்பப் போகிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

என் இரண்டு கேள்விக்கும் இன்று நேராகப் பதில் சொல்வது கிராஃபீன் ஓஎஸ். அது கூகுளின் பிக்சல் செட்களில் மட்டுமே ஓடுகிறது. கூகுளிடமிருந்து தப்ப கூகுளின் போனையே வாங்குவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேறு இயங்குதளத்தைப் போட்டு, அதன் பிறகு முறையாகப் பூட்டவும் விடும் செட்கள் மிகக் குறைவு. பிக்சல் அவற்றில் ஒன்று. 2023இல் வந்த பிக்சல் 8 முதல் ஏழு வருடத்துக்குத் திருத்தம் தருவதாகவும் கூகுள் சொல்லியிருக்கிறது. சட்டத்தரணி கடைசியில் வாங்கிய 8ஏக்கு 2031 மே வரை காலம் உண்டு.

வாங்கும் இடத்தில்தான் கவனம் தேவை. இங்கே கூகுள் நேரடியாக பிக்சல் விற்பதில்லை. லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கிடைப்பவற்றில் பல வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த செட்கள். அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்கென்று விற்கப்பட்டவற்றின் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. ஆகவே காசு கொடுக்கும் முன் கடையிலேயே வைஃபையோடு இணையுங்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டி டெவலப்பர் ஒப்ஷன்ஸைத் திறந்து, பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லொக்கிங் என்ற சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அது மங்கலாக, அசையாமல் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதலாளி "பிறகு சரி வரும்" என்பார், நம்ப வேண்டாம். அப்படியே செட்டின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான செட்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

போடுவது கஷ்டமில்லை. கணினியில் கிராஃபீன் தளத்தைத் திறந்து, கேபிளை மாட்டி, அது சொல்கிறபடி செய்தால் சரி. முடிவில் பூட்லோடரைத் திரும்பப் பூட்ட மறக்கக் கூடாது. அதன் பிறகு போன் தொடங்கும்போது மஞ்சள் எச்சரிக்கையோடு ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதைத் தளத்தில் போட்டிருக்கும் குறியீட்டோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கச் சட்டத்தரணியையே உட்கார வைத்தேன். இதில் என்னையும் அவர் நம்ப வேண்டியதில்லை.

கூகுள் பிளே வேண்டுமென்றால் போடலாம். ஆனால் விசேட அதிகாரம் எதுவும் இல்லாமல், மற்ற அப்களைப் போலத்தான் அது ஓடும். தமிழில் தட்டுவதற்கு அவர் பழகிய கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டைப் போட்டு, அதற்கு இணைய அனுமதியை மறுத்துவிட்டோம். தட்டுவதை அது நேரடியாக இணையத்துக்கு அனுப்ப முடியாது. வட்ஸ்அப்புக்கு முழுத் தொலைபேசிப் புத்தகத்தையும் கொடுக்காமல் வேண்டிய பெயர்களை மட்டும் காட்டலாம். 18 மணித்தியாலம் யாரும் திறக்காவிட்டால் போன் தானாக மீள் இயங்கி, உள்ளிருப்பதெல்லாம் மறைகுறியாக்கத்துக்குள் போய்விடும். செட் வேறு கைகளுக்குப் போய்விடக்கூடிய தொழிலில் இருப்பவருக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இதுதான்.

எந்த இயங்குதளமும் செய்யாததையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறேன். சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது, எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். அந்தளவு ரகசியம் காக்கத் தேவையில்லாதவர்கள், திருத்தம் ஒழுங்காக வரும் செட்டையே வைத்திருந்து, விளம்பரக்காரர்கள் உங்களை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை அழித்து, தேவையில்லாத அப்களை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடியும். ஐபோன் இருப்பவர்கள், தாக்குதலுக்கான வழிகளைக் குறைக்கும் லொக்டவுன் மோடையும் பார்க்கலாம்.

இனி வங்கிகளிடம் ஒரு கோரிக்கை. என் வங்கியின் அப், இவ்வளவு கவனமாகப் பூட்டிய என் பிக்சலில் "இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல" என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. இரண்டு வருடம் திருத்தம் வராத அந்த சாம்சங்கில் அதே அப் தாராளமாகத் திறந்தது. கூகுள் அங்கீகரித்த மென்பொருள் என்ற சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் நடக்கும். போனின் வன்பொருளிடமே நேராகக் கேட்டு, பூட்டப்பட்டிருக்கிறதா, எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று உறுதிசெய்ய அண்ட்ரொயிட்டிலேயே வழி இருக்கிறது. அதற்கான சாவி விவரங்களைக் கிராஃபீன்காரர்கள் பகிரங்கமாகவே போட்டிருக்கிறார்கள். வங்கிகளின் தொழில்நுட்பப் பகுதியினர் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை என்னென்ன செட்களில் தங்கள் அப் ஓடாது என்பதையாவது தங்கள் இணையத்தளத்தில் முன்கூட்டியே போட்டால், ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்து செட் வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்குவார்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.