கற்றுக்கொள்ள டிஜிட்டலே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபிலிம் கேமராவுக்கு இளைஞர்களிடம் மறுபடியும் மவுசு கூடியிருப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கல்யாண வீடுகளில் வருஷக்கணக்காக ஃபிலிமில் எடுத்து, அப்புறம் டிஜிட்டலுக்கு மாறியவன் நான். 'கற்றுக்கொள்ள ஃபிலிம்தான் சரி' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாகப் பழகுகிறவருக்குத் தப்பு உடனே கண்ணில் பட வேண்டும். டிஜிட்டலில் எடுத்ததும் திரையில் தெரிகிறது, எந்த ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), எந்த அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) என்பதும் படத்தோடேயே பதிவாகிவிடுகிறது. ஃபிலிமில் ஒரு ரோலின் 36 படமும் முடிந்து லேபில் கழுவி வருவதற்குள், எதற்கு என்ன வைத்தோம் என்பது நோட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு. செலவும் சும்மா இல்லை. முன்பு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் மண்ணிலேயே தயாரானது. அதை மூடியாயிற்று. இன்று வெளிநாட்டு ரோலை வாங்கி, கழுவக் கொடுத்து, ஸ்கேனுக்கும் தனியாக அழ வேண்டும். கல்லூரிப் பிள்ளைக்கு இது கட்டுப்படியாகுமா?

ஃபிலிமின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வெயில் விழுந்து வெளிச்சம் அதிகமாகிவிட்டால் டிஜிட்டலில் அந்த இடம் வெளுத்தே போய்விடும், மடிப்பும் தெரியாது, ஒன்றும் தெரியாது. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடிப்போனாலும் பிரிண்ட் போடும்போது மீட்டுவிடலாம். ஆனால் கெட்டிமேளம் கொட்டப் போகிற நேரத்தில் எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் கவுண்டர் 34-ல் நின்றால் வரும் பதற்றம் இருக்கிறதே! அதனாலேயே மிச்சப் படங்கள் போனாலும் போகட்டும் என்று முன்கூட்டியே ரோலைச் சுற்றி எடுத்துப் புதிதைப் போட்டுவிடுவோம்.

டிஜிட்டலில் கண்டபடி எடுத்துத் தள்ளுவார்கள், பொறுமை வராது என்கிறார்கள். பொறுமைதான் வேண்டுமென்றால் மெமரி கார்டிலும் இன்றைக்கு 36 படம்தான் என்று வைத்துக்கொண்டு எடுக்கலாமே.

டிஜிட்டலில் எனக்கு உள்ள ஒரே பயம், படங்களை வைத்துக் காப்பதுதான். எண்பதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இன்றும் பிரிண்ட் போட முடிகிறது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது, கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை என்று வந்து நிற்கிறவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அதனால் தம்பி தங்கைகளே, பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) ஒன்றும் 50 எம்எம் லென்ஸும் வாங்கிப் பழகுங்கள். ரோலுக்கு ஒதுக்கிய காசில் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி, அப்பா அம்மா படத்தை முதலில் பிரிண்ட் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்