அல்கோல் மங்கும் இரவுக்கு உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

காவலூர் வான்நோக்ககம் இருக்கும் ஜவ்வாது மலையில்தான் எங்கள் அரசுப் பள்ளியும் இருக்கிறது. ஆனாலும் ஒரு கோட்பாடு சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்கிறார்கள் பிள்ளைகள். இங்கே படித்த நாங்களும் அந்த வயதில் அதையேதான் சொல்லியிருப்போம்.

வரும் தை மாதம் 40 பிள்ளைகளுக்கு அல்கோல் நட்சத்திரத்தைக் காட்டப் போகிறோம். வெறுங்கண்ணுக்கே தெரியும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி, மறுபடி பிரகாசமாகும். காது கேளாத 18 வயது ஜான் குட்ரிக் 1783இல் இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து இதற்கு இரண்டு காரணங்களை ஊகித்தார்: ஏதோ ஒன்று சுற்றிவந்து மறைக்கிறது, இல்லையேல் நட்சத்திரத்தின் முகத்திலேயே கரும்பகுதி இருக்கிறது. மறைக்கிறது என்றால், அதன் ஈர்ப்பால் நட்சத்திரமும் அசைய வேண்டும். மங்குமுன் நம்மைவிட்டு விலக வேண்டும், மங்கியபின் நெருங்க வேண்டும். நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள், அது விலகும்போது சிவப்புப் பக்கமும் நெருங்கும்போது நீலப் பக்கமும் நகரும். 1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் வானியலாளர் ஹெர்மன் ஃபோகல் இந்த நிறமாலைக் கோடுகளை அளந்தார். அப்படியேதான் அசைந்தது. ஊகத்துக்குத் தீர்ப்பு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று!

எங்கள் பிள்ளைகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே வருவார்கள். இரவு 11 மணிக்கு மிகவும் மங்கியது என்றால், அடுத்தது மூன்று நாள் கழித்து இரவு 7.49க்கு. அதை முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். கணக்குத் தப்பினால் அழித்து எழுத அனுமதி இல்லை.

தொலைநோக்கி வாங்கித் தருவதாகச் சிலர் சொன்னார்கள். அன்புக்கு நன்றி, ஆனால் வேண்டாம். முன்பு வந்த ஒன்று அலமாரியிலேயே கிடந்து, கண்ணாடியில் பூசணம் பிடித்துவிட்டது. சாவி யாரிடம் என்பதுகூட இன்னும் தெரியவில்லை.

தேவைப்படுவது வேன் வாடகை, இரவுச் சாப்பாடு, சுக்குக் காப்பி, தார்ப்பாய், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுகள், இரண்டு பைனாகுலர். மேகம் மூடினால் இன்னொரு முறை வர வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து 38,000 ரூபாய். இதுவரை 14,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. தை மாதத்தில் மலை மேல் குளிர் எலும்பைத் துளைக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் கம்பளி இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் குழு