முதலில் பாட்டு, பிறகு காட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அனிமே என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் காட்சிகளைத் தமிழ்ப் பாடல்களோடு இணைத்துக் காணொலி செய்யும் கல்லூரி மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தச் செயலியில் வெட்டுவது, வண்ணத்தை எப்படிக் கூட்டுவது, காட்சிக்குக் காட்சி தாவும்போது என்னென்ன வித்தைகள் காட்டலாம் என்பதெல்லாம் அதில் விரிவாக இருந்தன. பாட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் ஒரே வரிதான் இருந்தது; இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வரி சொன்னது. கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் 'ஏ.எம்.வி.' (அனிமே மியூசிக் வீடியோ) என்றும் 'எடிட்' என்றும் சொல்லும் இந்தக் காணொலிகளைச் சில ஆண்டுகளாக ஆர்வத்தோடு பார்த்துவருகிறேன். நீலகிரியில் கல்லூரி விழாக்களில் இதற்கென நடக்கும் போட்டிகளுக்கு நடுவராகவும் போயிருக்கிறேன். பாட்டுத் தேர்வு என்பது இந்தக் கலையில் கடைசி நேரத்தில் முடித்துக்கொள்ளும் சில்லறை வேலையன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கலை பிறந்ததே ஒரு பாட்டுத் தேர்வில்தான். 1982-இல் அமெரிக்காவில் ஜிம் கபோஸ்டாஸ் என்ற இளைஞர் வி.சி.ஆர். எனப்படும் காணொலி நாடாப் பதிவுக் கருவிகள் இரண்டை ஒன்றோடொன்று இணைத்து, 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற அனிமேத் தொடரில் வரும் கொடூரமான போர்க்காட்சிகளைத் தேடி எடுத்து, அன்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று பாடும் பீட்டில்ஸ் குழுவின் பாட்டோடு சேர்த்தார். அனிமே இசைக் காணொலிகளில் முதலாவது என்று இன்றுவரை குறிப்பிடப்படுவது அதுதான். இன்றைய செல்பேசியில் ஒரு விரல் அசைவில் நடக்கும் எந்த வித்தையும் அவர் கையில் இல்லை. பாட்டு சொல்வதும் படம் காட்டுவதும் நேரெதிராக நின்றதே அந்தக் காணொலியின் உயிர்; அந்த முரண் பாட்டைத் தேர்ந்த கணத்திலேயே உருவாகிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை அவரைவிடக் கடினமானது. மேல்நாட்டு இசைக்குழுவின் பாட்டைப் பெரும்பாலானவர்கள் காதால் மட்டுமே அறிந்திருப்பார்கள். நம்முடைய திரைப்பாட்டோ கதாநாயகன், கதாநாயகி, உடை, ஆட்டம், கதையின் கட்டம் எல்லாவற்றையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. முன்னிசையின் முதல் இரண்டு அடி கேட்டதும் பார்ப்பவர் மனத்தில் அந்தப் படம் ஓடத் தொடங்கிவிடும். திரையில் வாளேந்தி நிற்கும் ஜப்பானிய வீரனை அவர் பார்க்கவே மாட்டார். இந்த மலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். உதகைத் தாவரவியல் பூங்காவும் பைக்காராவின் புல்வெளியும் குன்னூர்த் தேயிலைச் சரிவும் எத்தனையோ பாடல்களுக்குப் பின்னணியாக நின்றிருக்கின்றன. காதலுக்கும் பிரிவுக்கும் தாலாட்டுக்கும் ஒரே சரிவுதான்; பாட்டின் சொல்லுக்கும் அந்த இடத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இருந்ததில்லை. அப்படியிருந்தும் அந்தப் பாட்டைக் கேட்டால் வெளியூர்க்காரருக்கு இந்த மலைதான் கண்முன் வருகிறது. ஒருமுறை ஒட்டிக்கொண்ட காட்சியைப் பாட்டிலிருந்து பிரித்தெடுப்பது அவ்வளவு அரிது.

ஆகவே, ஊரே பாடிக்கொண்டிருக்கும் பாட்டைத் தேர்வதுதான் ஒரு தமிழ்க் காணொலிக்குப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. படம் ஓடாமல் போய், பாட்டு மட்டும் நின்றுவிட்ட திரையிசைப் பாடல்கள் தமிழில் நிறையவே உண்டு. திரைப்படத்தைச் சாராமல் இளைஞர்கள் தாமே எழுதி, இசைத்து வெளியிடும் பாடல்களும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காட்டிலும் வளமான இடம் ஒன்று நம் திரைப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் இடையிசை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் தனியே கதை சொல்லும் அந்த முப்பது நாற்பது நொடிகள், இளையராஜாவின் பாடல்களில் குறிப்பாக, பாட்டின் மெட்டிலிருந்தே விலகி வேறோர் உலகத்துக்குப் போய்த் திரும்பும். அங்கே சொல் இல்லை. நடிகரின் முகமும் பெரும்பாலோர் நினைவில் இருப்பதில்லை. அனிமேயில் வசனமில்லாமல் வானத்தையும் காலியான தெருவையும் காட்டும் அமைதியான கட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடைப்பது அருமை.

நான் பார்த்த ஒரு காணொலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நருட்டோ என்ற அனிமேத் தொடரில், மற்றப் பிள்ளைகள் பெற்றோரோடு மகிழ்ந்திருக்க, பெற்றோரை இழந்த சிறுவன் நருட்டோ மட்டும் மரத்தடி ஊஞ்சலில் தனியே உட்கார்ந்திருக்கும் காட்சி இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். மாணவி ஒருவர் அந்தக் காட்சிக்கு முதலில் ஒரு காதல் தோல்விப் பாட்டைப் போட்டிருந்தார். சோகம் சரிதான், ஆனால் பல்லவியின் ஒவ்வொரு அடியும் விட்டுப் போன பெண்ணைக் குறித்து 'அவள்', 'அவள்' என்றே முடிந்தது. அந்தச் சிறுவனுக்கு இல்லாமல் போனது தாயும் தகப்பனும். பாட்டு ஒருத்திக்காக அழ, படம் வேறு யாருக்காகவோ அழுதது. மறு ஆண்டு அதே மாணவி அதே காட்சியை வேறொரு பாட்டோடு கொண்டுவந்தார். அது தாயைப் பற்றிய பாட்டுகூட அன்று. ஊர் திரும்பும் ஒருவன் பாடுவது. தாளத்தின் முதல் தட்டில் ஊஞ்சல் திரையில் வருகிறது, குரல் இன்னும் எழவில்லை. அரை எண்ணிக்கை கழித்து, கயிற்றைப் பிடித்திருக்கும் கை தெரியும்போது பாடகர் எடுக்கிறார். அநாகத எடுப்பு என்று வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்த அரை எண்ணிக்கை மௌனத்தில்தான் அரங்கத்தில் பேச்சு நின்றது. இந்தக் கணக்கெல்லாம் தனக்குத் தெரியாது, பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் தானாக அமைந்தது என்றார் அந்தப் பெண். கேட்டதுதான் கணக்கு.

தாளத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 'பீட் சிங்க்' என்று பிள்ளைகள் சொல்வது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு காட்சியை வெட்டுவது என்ற அளவில் நின்றுவிடுகிறது. செயலியே அடிகளைக் குறித்துக் கொடுத்துவிடுவதால் இது மிகவும் எளிதாகிவிட்டது. காட்சி மாறுவது மட்டுமன்று, காட்சிக்குள் நடக்கும் அசைவும் தாளத்தில் விழ வேண்டும் என்பதை நல்ல காணொலிக்காரர்கள் அறிவார்கள். அனிமே நொடிக்கு 24 சட்டகங்களாக (ஃபிரேம்களாக) ஓடினாலும், செலவைக் குறைப்பதற்காக ஓர் ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தியே பெரும்பாலும் வரைகிறார்கள். நிமிடத்துக்கு 96 தட்டு விழும் பாட்டை எடுத்துக்கொண்டால், தட்டுக்குச் சரியாக 15 சட்டகங்கள் வரும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் 5 நொடியில் ஓர் ஆவர்த்தனமாக, அதாவது ஒரு முழுச் சுற்றாக முடியும். மூன்று சட்டகத்துக்கு ஓர் ஓவியமாக வரைந்த அசைவு அதில் இயல்பாகப் பொருந்தும். நூறு தட்டுப் பாட்டில் தட்டுக்கு 14.4 சட்டகம் என்று பிசிறடிக்கும். காதுக்குச் சரியாகப் பட்டால் இந்தக் கணக்கைத் தாராளமாக மீறலாம். ஆனால் பாட்டு பொருந்தவில்லை என்பதற்காக அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இழுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடியவரின் குரலும் சுருதியும் சிதைகின்றன. அளவு பொருந்தாத பாட்டை விட்டுவிட்டு, பொருந்தும் பாட்டைத் தேடுவதே முறை.

நம் பாட்டின் அமைப்பில் இருக்கும் இன்னொரு வசதியையும் பலர் பயன்படுத்துவதில்லை. பல்லவி திரும்பத் திரும்ப வரும். ரீல்ஸுக்காக முப்பது நொடியை வெட்டுகிறவர்கள் பல்லவியை ஒருமுறை எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். முழுப்பாட்டையும் எடுத்துக்கொள்பவருக்கோ பெரிய வாய்ப்பு காத்திருக்கிறது. தொடக்கத்தில் பல்லவி வரும்போது இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சரணம் முடிந்து அதே சொற்கள் வரும்போது அவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கடைசியில் வரும்போது ஒருவர் மட்டுமே இருக்கிறார். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் கேட்பவருக்கு மூன்று முறையும் வெவ்வேறு பொருள். கச்சேரியில் ஒரே அடியை நிரவலில் விரிக்கும் பாடகர் செய்வதும் இதுவே. பல ஆண்டுகள் நீளும் அனிமேத் தொடர்களில் பாத்திரங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து வளர்வதால், இதற்கான காட்சிகளுக்குக் குறைவே கிடையாது. இதைச் செய்ய வேண்டுமானால், திரும்ப வரும்போது பொருள் மாறத்தக்க பல்லவியாகத் தேர்ந்திருக்க வேண்டும். ஒரே பொருளில் இறுகிவிட்ட பல்லவி இதற்கு இடங்கொடுக்காது.

எல்லா இசையும் எடுத்துக் கையாள்வதற்கு உரியதன்று என்பதையும் இந்த மலையிலிருந்து எழுதுகிறவள் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் குழலிசையில் தெய்வத்துக்கான மெட்டு வேறு, இழவுக்கான மெட்டு வேறு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றை வாசிக்க மாட்டார்கள். அதே குழலோசையை யாரோ பதிவு செய்து வெளியிட்டதிலிருந்து எடுத்து, புதுமையாக ஒலிக்கிறது என்பதற்காக ஓர் அரக்கனின் சண்டைக் காட்சிக்குப் போட்டதைப் பார்த்தேன். அது எதற்கான மெட்டு என்று செய்தவர் யாரையும் கேட்கவில்லை. அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேட்காமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. இந்த மலையின் படுகர் மக்களுடைய பாடல்களில் ஆட்டத்துக்கென்று பொதுவில் பாடப்படுபவை ஏராளம். பாடியவரிடம் சொல்லிவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். வட்டமாக நின்று நிதானமாக அடியெடுத்து வைக்கும் அந்த ஆட்டத்தின் நடை, வேகத்தை மட்டுமே நம்பியிருக்கும் இன்றைய காணொலிகளுக்கு நல்ல மாற்றாகவும் இருக்கும்.

உரிமை பற்றிய கேள்வியைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் சட்டம் தரும் விலக்கு, இணையத்தில் ஏற்றும் ரசிகர் காணொலியைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. 2005 நவம்பரில் விண்டப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், எவனெசென்ஸ் உள்ளிட்ட குழுக்களின் பாடல்களைக் கொண்ட ரசிகர் காணொலிகள் இவற்றுக்கென இருந்த ஓர் இணையதளத்திலிருந்து மொத்தமாக நீக்கப்பட்டன. இப்போது யூடியூபில் இயந்திரமே பாட்டை அடையாளம் கண்டுவிடுகிறது, ஒலி முடக்கப்படவும் கூடும். பாரதியின் கவிதைகளுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை, எவரும் பயன்படுத்தலாம்; ஆனால் அவற்றை இன்னொருவர் பாடிய பதிவு அப்படியே எல்லோருக்கும் உரியதாகிவிடாது. இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. கல்லூரியில் பாடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாரதியின் கவிதைக்குத் தாமே மெட்டமைத்துப் பாடிப் பதிவு செய்தால், யார் அனுமதியையும் எதிர்பார்க்க வேண்டாம், எந்த நடிகரின் முகமும் அந்தப் பாட்டோடு வராது. காட்சிக்குரிய உரிமை வேறு கேள்வி. பாட்டளவிலாவது கை சுத்தமாக இருக்கும்.

மொழி பொருந்தாதே என்று சிலர் தயங்குகிறார்கள். அனிமேயில் பேசும் வாயைப் பெரும்பாலும் மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று மூன்று ஓவியங்களில் முடித்துவிடுகிறார்கள். அதில் தமிழ் நெடில்கள் நன்றாகவே உட்காருகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமேப் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தபோது அந்த முகங்கள் தமிழ் பேசுவதைப் பிள்ளைகள் இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்கள், பாடினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

போட்டி நடத்தும் கல்லூரிகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இப்போது மதிப்பெண்ணில் பெரும்பங்கு வெட்டும் திறனுக்கும் வண்ணத்துக்கும் போகிறது. ஏன் இந்தப் பாட்டு, இதன் எந்தப் பகுதி, எந்தச் சொல் எந்தக் காட்சியில் விழ வேண்டும் என்று நினைத்தீர்கள் என்பதைப் போட்டியாளர் அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விதி வையுங்கள்; அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். நடுவர் குழுவில் இசை தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணையமும் நின்றுபோகும் நாள்கள் பல. அந்த நாள்களில் காணொலியை ஏற்ற முடியாது, பாட்டைக் கேட்க முடியும். வரும் டிசம்பர் விழாக்களுக்குப் பிள்ளைகள் இப்போதே பாட்டுத் தேடத் தொடங்கியிருப்பார்கள். தங்கள் இளைஞர் பக்கத்தில் அடுத்த கட்டுரை அதைப் பற்றியதாக இருந்தால் அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.