பாகப்பிரிவினையும் பொதுக்கிணறும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதும், மாலையில் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருப்பதும் மகிழ்ச்சி. லண்டனில் இருக்கும் உன் மகனோடு நடந்த வாக்குவாதத்தைப் பற்றி எழுதியிருந்த இரண்டு பக்கங்களை மட்டும் மூன்று முறை படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 35 முதல் 39 பில்லியன் பவுண்டு வரை கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அன்று மதிப்பிட்டார்களே, அது நியாயமா என்று கேட்டிருந்தாய். வீட்டைக் காலி செய்கிறவனிடம் வாடகை பாக்கியைக் கேட்கலாம், அந்த வீட்டுக் காவலாளியின் எதிர்கால ஓய்வூதியத்திலும் பங்கு கேட்கலாமா என்பது உன் வாதம்.

கேட்கலாம் என்பதே என் எண்ணம். அந்தக் காவலாளி இவனுக்கும் சேர்த்துத்தான் காவல் காத்தான். உறுப்பினராக இருந்த காலத்தில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட செலவுகளில் தன் பங்கைத் தருவது அபராதம் ஆகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடி உனக்கும் எனக்கும் லண்டன் வரை போகவேண்டிய அவசியமே இல்லை. நாம் இருவரும் ஜோகூர் பாருவில் ஆறாம் வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தபோது, நம் கண்ணெதிரிலேயே மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிந்து ஒரு நாடு இரண்டானது. அதன் கணக்கு இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. மளிகைக்கடை வானொலியைச் சுற்றி நின்ற பெரியவர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. என்ன சொன்னார்கள் என்பது நினைவில்லை. பிரிவினை ஒப்பந்தம் இரண்டு நாள் முன்பே, 7ஆம் தேதியே கையெழுத்தாகியிருந்தது என்பதும், கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126 பேர் ஆதரிக்க, எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல் அது நிறைவேறியது என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. பிரிட்டிஷ்காரர்கள் வாக்களித்துவிட்டு மூன்றரை ஆண்டுகள் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். நம்மை யாரும் கேட்கவே இல்லை. மலேசியாவோடு இணைவதற்காக 1962இல் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பிலும் எந்த வகையில் இணைவது என்று மூன்று வழிகள் இருந்தனவே தவிர, இணைய வேண்டாம் என்று சொல்லச் சீட்டில் இடமில்லை. வெற்றுச் சீட்டைப் போட்டவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

சிங்கப்பூர் வெளியேறியதா, வெளியேற்றப்பட்டதா என்று நாம் கல்லூரிக் காலத்தில் இரவெல்லாம் வாதாடியிருக்கிறோம். மலேசியப் பிரதமர் துங்கு அனுப்பிவிட்டார் என்று நீ சொல்வாய். எங்கள் பள்ளிப் புத்தகங்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லின. சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தொலைக்காட்சியில் கண்கலங்கியதை உலகமே பார்த்தது. ஆனால் அவருடைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ 'அல்பட்ரோஸ்' என்று பெயரிட்டுச் சேர்த்து வைத்திருந்த கோப்பு வெளிவந்த பிறகு, தளர்வான கூட்டாட்சியைவிட ஒரேயடியாகப் பிரிந்துவிடுவதே மேல் என்று கோவும் கேட்டிருக்கிறார் என்பது தெளிவாகிவிட்டது. இது வெறும் வரலாற்று வம்பு இல்லை, சண்முகம். விரட்டப்பட்டவனிடம் எவரும் கட்டணம் கேட்க முடியாது. தானாகப் போகிறவனிடம் கேட்கலாம். போனது யார், அனுப்பியது யார் என்பதை இரு தரப்புமே மங்கலாக வைத்துக்கொண்டதால் 1965இல் மொத்தத் தொகை போட்டு ஒரு சீட்டு எழுத யாருக்கும் வாய் வரவில்லை. ஒப்பந்தமே எட்டு விதிகளுக்குள் முடிந்துவிட்டது.

சேர்ந்திருந்த இருபத்து மூன்று மாதங்களில் மட்டும் பணத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இருக்கவில்லை. சிங்கப்பூர் தான் திரட்டும் தேசிய வரியில் 40 விழுக்காட்டை மத்திய அரசுக்குக் கொடுக்க வேண்டும், போர்னியோத் தீவிலிருந்து மலேசியாவில் இணைந்த சபாவுக்கும் சரவாக்குக்கும் 150 மில்லியன் வெள்ளி கடன் தர வேண்டும், பதிலுக்குப் பொதுச்சந்தை படிப்படியாக வரும் என்பது பேச்சு. சந்தை வரவில்லை. மலேசிய நிதியமைச்சர் டான் சியூ சின் 40ஐ 60 ஆக்கக் கேட்டார். இடையில் 1964இல் இரண்டு முறை இனக்கலவரம் மூண்டு 36 உயிர்கள் போயின. இந்தக் கணக்கையெல்லாம் பார்த்தால், பிரிந்ததற்கு ஆன செலவைவிடச் சேர்ந்திருந்ததற்கு ஆன செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஊரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது வயலை வரப்பு போட்டுப் பிரித்துவிடுவார்கள், வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துவிடுவார்கள். கிணற்றை மட்டும் பிரிக்க முடியாது, 'கிணறு பொது' என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதுவார்கள். பிறகு இரண்டு தலைமுறைக்கு நடக்கும் சண்டையெல்லாம் அந்த ஒரு வரியின்மேல்தான். நம் பத்திரத்திலும் அந்த வரி இருந்தது. 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்து, பிறகு ஐக்கிய நாடுகள் அவையிலும் பதிவு செய்தார்கள். 1962 ஒப்பந்தத்தின்படி மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். விலை ஆயிரம் காலனுக்கு மூன்று காசு, காலம் 2061 வரை. இதை நான் ஒருநாள் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். முழு அளவும் எடுத்தால் ஒரு நாள் தண்ணீருக்கு 7,500 ரிங்கிட். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு நாள்தோறும் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டுக் குடிக்கும் எனக்கு அந்தத் தொகையைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனாலும் மலேசியாவில் உன் பக்கத்துப் பத்திரிகைகள் சொல்லாத மறுபாதியும் உண்டு. 25 ஆண்டுகள் கழித்து விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1986இலும் 1987இலும் அந்த வாய்ப்பு வந்தபோது மலேசியா அதைப் பயன்படுத்தவில்லை. சுத்திகரித்த நீரை ஜோகூருக்கு ஆயிரம் காலன் 50 காசுக்குத் திருப்பி விற்கிறது சிங்கப்பூர். சுத்திகரிக்கவே அதைப்போலப் பல மடங்கு செலவாகிறது என்று இங்கே சொல்கிறார்கள். 1961 ஒப்பந்தம் 2011இல் முடிந்தபோது நீர்நிலையங்களை ஜோகூரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், விலை நியாயமற்றது, ஒப்பந்தம் நியாயமானது. ஆறு ஒருவன் கையிலும் தாகம் மற்றவன் வாயிலும் இருக்கும்போது, எழுதியதை மாற்றாமல் வைத்திருப்பதைத் தவிர சிறியவனுக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. நீ இதை ஏற்கமாட்டாய் என்று தெரியும்.

தண்ணீரை விட்டால் ரயில். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பில் இருந்த நான்கு பளிங்குச் சிலைகளையும், கூடத்துச் சுவரில் ரப்பர் மரமும் வயலுமாக எழுதியிருந்த பெரிய ஓவியங்களையும் அப்பா எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. மலாயா ரயில்வே ஊழியர் என்ற முறையில் அது தன் சொந்த வீடு போலத்தான் அவர் நடந்துகொள்வார். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அந்த நிலமும் தண்டவாளமும் மலாயா ரயில்வேயிடம் போயிருந்ததால், சிங்கப்பூர் தனி நாடான பின்பும் நகரத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டை மலேசியாவின் கையில் இருந்தது. 1990இல் ஒரு புரிந்துணர்வுக்கு வந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்பதில் அடுத்த இருபது ஆண்டுகள் சண்டையிட்டார்கள்.

1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு அசையவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் உன்னைப் பார்க்க ஈப்போவுக்கு ரயிலேறியபோதெல்லாம் நடந்த வேடிக்கையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். தஞ்சோங் பகாரில் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்துவிடுவேன்'. அங்கே கடப்பிதழில் முத்திரை குத்தமாட்டார்கள். பிறகு அரை மணி நேரம் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கி, சிங்கப்பூரை விட்டு 'வெளியேறுவேன்'. அந்த அரை மணி நேரம் நான் எந்த நாட்டில் இருந்தேன் என்று இரு அரசுகளுக்கும் இரு வேறு பதில்கள் இருந்தன. 2010இல் இரு பிரதமர்களும் உடன்பட்டு, 2011 ஜூன் 30 இரவு ஜோகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். அந்த நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் மலேசியா 60, சிங்கப்பூர் 40 என்ற பங்கில் கட்டடங்கள் எழுந்தன. பிரிந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பாகம் செட்டில் ஆனது.

நாணயம் 1967இல் பிரிந்தது. 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குமேல். விமான நிறுவனம் 1972இல் பிரிந்தபோது போயிங்குகள் இங்கே நின்றன, சிறிய ஃபோக்கர்கள் அங்கே போயின. இவற்றையெல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம்.

எண்ண முடியாதவை என் சம்பந்தன் மாமாவைப் போன்றவர்களிடம் வாங்கியவை. சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர், குடியுரிமைத் தாளை நாளை நிரப்பலாம் என்று தள்ளிப்போட்டவர். தளத்தை மூடப்போகிறார்கள் என்றானபோது ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கமும் வேலை அனுமதி வேண்டும், அந்தப் பக்கமும் வேண்டும் என்றாகியிருந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் ஒன்றாக இருந்தபோது தங்கையின் வீட்டுக்குச் சைக்கிளில் வந்து கொண்டிருந்தவர், 1971இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கு ஏறினார். அம்மா துறைமுகத்துக்குப் போகவில்லை. ஜோகூர் பாருவிலிருந்து வரக் கடப்பிதழ் எடுக்க வேண்டும், அம்மாவிடம் அது இல்லை. மாமாவுக்குச் சேர வேண்டியதை எந்த ஒப்பந்தத்தின் எந்த விதியில் தேடுவது?

இன்னொரு தரப்பையும் யாரும் பேசுவதில்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் சிங்கப்பூருக்கு 15, சபாவுக்கு 16, சரவாக்குக்கு 24. மூன்றும் சேர்ந்தால் 55, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்; அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதை அவர்கள் நினைத்தால் தடுக்க முடியும். சிங்கப்பூர் போனபின் சபாவிடமும் சரவாக்கிடமும் மிஞ்சியது 144இல் 40, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. போகிறவனும் அனுப்புகிறவனும் இரகசியமாகக் கையெழுத்திட்டார்கள்; வீட்டிலேயே தங்கியவர்களுக்குச் செய்தியாகத்தான் தெரிந்தது. இணைந்த நிபந்தனைகளை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கேட்ட சபாவின் டொனால்ட் ஸ்டீபன்ஸ் அமைச்சர் பதவியை இழந்தார். வெளியேறுகிறவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்று உன் மகன் கேட்கிறான். போகாமல் இருந்தவனுக்கு யார் கட்டினார்கள் என்றும் அவனைக் கேட்கச் சொல். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வெளியேற வேண்டாம் என்றுதான் பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள்; அவர்களையும் சேர்த்துத்தானே கதவைச் சாத்தினார்கள்.

கடற்பாலத்துக்குப் பக்கத்தில் புதிய விரைவு ரயில் பாதையின் தூண்கள் என் வீட்டு மாடியிலிருந்தே தெரிகின்றன. ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆக, மலேசிய அதிகாரி மறுபடியும் சிங்கப்பூர் மண்ணில் மேசை போட்டு உட்காரப் போகிறார். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஓடத் தொடங்கிய முதல் மாதமே நீ ஜோகூர் பாருவுக்கு வந்துவிடு. நான் எதிரே வருகிறேன். உன்னிடம் இருக்கும் அந்தப் பழைய சதுர ஒரு காசையும் மறக்காமல் எடுத்து வா. பேத்தி அதைப் பார்க்க வேண்டுமாம், இரு நாட்டுக்கும் ஒரே காசு இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் உன்,
கதிரேசன்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்